புளியமுத்தா, விரலா, பத்துக் கட்டமா? சின்னப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்க எது தோது

பிள்ளை யூகேஜியில் இருக்கும், இல்லையென்றால் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும். நோட்டில் 3 + 2 என்று எழுதிக்கொடுத்தால் முழிக்கும். வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஆச்சி புளியமுத்தை எடுத்துவரச் சொல்வார். அம்மா விரலை மடக்கச் சொல்வாள். டியூஷன் அக்கா கூட்டல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யட்டும் என்பாள். மாமா போனில் ஒரு ஆப்பை இறக்கித் தருவார். பக்கத்து வீட்டுப் பிள்ளை அபாகஸ் வகுப்புக்குப் போகிறது என்ற பேச்சு வேறு. இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்கிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

எங்கள் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் வயதைப் பார்த்தோ வகுப்பைப் பார்த்தோ கருவியை எடுக்கக் கூடாது. அது இன்றைக்கு எப்படி எண்ணுகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை.

## முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு கைப்பிடி முத்தும் ஒரு சிரட்டையும் போதும். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதல் சோதனை. 5 முத்தை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று முடித்ததும், “சரி, மொத்தம் எத்தனை எண்ணம் இருக்கு?” என்று கேளுங்கள். உடனே “அஞ்சு” என்றால் நல்லது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் கணக்குக் கொடுப்பது வீண் பாடு. சாப்பிடும்போது தட்டு எத்தனை, குளிக்கும்போது வாளி எத்தனை என்று சில வாரம் எண்ண வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது. பிள்ளை பார்க்க 3 முத்தை வைத்துச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே 2 முத்து வையுங்கள். “உள்ளே மூணு, வெளியே ரெண்டு. மொத்தம் எத்தனை?” சிரட்டையைத் தூக்கி ஒன்றிலிருந்து எண்ணினால் அது முழுதும் எண்ணும் நிலை. மூடியிருக்கும்போதே “மூணு… நாலு, அஞ்சு” என்றால் தொடர்ந்து எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது. “ரெண்டும் ஏழும் எத்தனை?” இரண்டில் தொடங்கி ஏழு தரம் மேலே போகிறதா, ஏழில் தொடங்கி இரண்டு தரம் போகிறதா? பெரிய எண்ணிலிருந்து தானாகத் தொடங்கும் பிள்ளை, எண்ணாமலே விடை சொல்லும் நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

## எதை வைத்து எடைபோடுகிறோம்

பெரியவர் கண்ணே ஆனாலும் ஒரே பார்வையில் எண்ணாமல் பிடிப்பது மூன்று, நான்கு பொருளைத்தான். அதற்கு மேல் போனால் ஐந்து ஐந்தாகவோ பத்தாகவோ கூட்டி வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி, இந்தக் கருவியில் 5-ம் 10-ம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: நாளைக்கு இதை எடுத்துவிட முடியுமா? எடுத்த பிறகும் கணக்கு பிள்ளையின் மனதில் நிற்குமா? மூன்றாவது, பிள்ளை தப்புச் செய்தால் எங்கே தப்பியது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமா? நான்காவது, பெரியவரின் நேரமும் கையும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் அம்மாவுக்குக் கண்ணும் கையும் ஓய்வில்லை, வாய்தான் சும்மா இருக்கிறது. அவருக்குத் தோதானது வேறு, சாயங்காலம் முழுக்கப் பேரப்பிள்ளையோடு திண்ணையில் இருக்கும் ஆச்சிக்குத் தோதானது வேறு. காசைக் கடைசியில் வைக்கலாம். அபாகஸ் வகுப்பைத் தவிர மற்ற எதற்கும் பெரிதாகச் செலவில்லை.

| வழி | 5, 10 தெரிகிறதா | விட்டு விலக முடியுமா | தப்புத் தெரியுமா | பெரியவர் வேலை | எந்த நிலைக்கு |
|---|---|---|---|---|---|
| புளியமுத்து | தானாகத் தெரியாது | சிரட்டை மூடினால் முடியும் | நன்றாகத் தெரியும் | அதிகம் | முழுதும் எண்ணும் பிள்ளை |
| விரல் | தெரியும் | முடியும் | தெரியும் | வாய் போதும் | தொடர்ந்து எண்ணப் பழகும் பிள்ளை |
| பத்துக் கட்டம் (மேலே ஐந்து, கீழே ஐந்து கட்டம்) | மிக நன்றாக | காட்டி மறைத்தால் முடியும் | தெரியும் | நடுத்தரம் | எண்ணாமல் சொல்லப் பழகும் பிள்ளை |
| எண்கோடு (எண்களை வரிசையாக எழுதிய கோடு) | ஓரளவு | கடினம் | தெரியும் | நடுத்தரம் | 10-ஐத் தாண்டும் பிள்ளை |
| எழுத்துப் பயிற்சி, வாய்ப்பாடு | தெரியாது | – | தெரியாது | குறைவு | ஏற்கெனவே தெரிந்த பிள்ளை |
| ஆப், அபாகஸ் | ஆளுக்கு ஆள் மாறும் | சந்தேகம் | பெரும்பாலும் தெரியாது | குறைவு | பிறகு பார்க்கலாம் |

## புளியமுத்து

தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பொருள் நெல்லைச் சீமையில் கிடைக்காது. மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி உடைத்துக் கொட்டை எடுக்கும்போது கேட்டால் மரக்கால் கணக்கில் தருவார்கள். ஒரு பிள்ளைக்கு 20 முத்து போதும். கையில் அதிகம் கொடுத்தால் எறிந்து விளையாடத்தான் தோன்றும். சதைப்பற்று போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் எறும்பு வரும், பூசணம் பிடிக்கும்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. இரண்டு சிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 2, இன்னொன்றில் 3. இரண்டையும் ஒரு தட்டில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது முத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி எண்ண வேண்டும். நகர்த்தாமல் விரலால் தொட்டு மட்டும் எண்ணினால் ஒரே முத்தை இரண்டு தரம் எண்ணும், அல்லது ஒன்றை விட்டுவிடும். இந்த வயதில் வரும் தப்பில் பாதி கூட்டல் தப்பு அல்ல, எண்ணும் தப்பு. நகர்த்தச் சொன்னாலே அது போய்விடும். மொத்தம் 5-ஐத் தாண்டாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒரு சிரட்டையைக் காலியாகவும் வையுங்கள். 4 + 0 என்று நோட்டில் வரும்போது திகைக்காது.

அடுத்த படிதான் புளியமுத்தின் உயிர். மேலே சோதனையில் சொன்ன மூடும் வேலையைப் பாடமாக்குங்கள். முதலில் வைத்ததை மூடிவிட்டால் பிள்ளைக்கு எண்ண வழியில்லை. “உள்ளே எத்தனைன்னு உனக்குத்தான் தெரியுமே” என்று ஞாபகப்படுத்தினால் அங்கிருந்து தொடரும். இந்தப் படியைச் செய்யாமல் மாதக்கணக்கில் கொட்டி எண்ண மட்டுமே வைப்பதுதான் முத்தில் நடக்கும் பெரிய கோளாறு. அப்படி வளர்ந்த பிள்ளை இரண்டாம் வகுப்பிலும் 7 + 2-க்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

இன்னொரு உபயோகம்: தாயம் ஆடத் தேய்ப்பது போல முத்தின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது முத்து நன்றாகச் சுடும், ஆகவே பெரியவர்கள் தேய்ப்பது நல்லது. இப்படி 5 முத்தைக் கையில் குலுக்கிப் போட்டால் வெள்ளை 2, கறுப்பு 3 என்று விழும். அடுத்த தரம் 4-ம் 1-ம். ஐந்து எப்படியெல்லாம் பிரியும் என்பது ஆட்டத்திலேயே வந்துவிடும். பின்னால் 8 + 5 போடும்போது இந்தப் பிரிப்புதான் கைகொடுக்கும். பல்லாங்குழி ஒரு குழிக்கு ஒரு முத்தாகப் போடப் பழக்கும், எண்ணும் ஒழுங்குக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் ஆடினால் கூட்டல் வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு என்றால் பாதுகாப்புதான். வீட்டில் 3 வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் முத்தை வெளியே வைக்கவே வேண்டாம். வாயில் போட்டால் தொண்டை அடைக்கும். மூக்கில், காதில் திணித்துக்கொண்டால் வீட்டில் குச்சியோ பட்ஸோ விட்டு நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோண்டினால் உள்ளே போய்விடும். அழகாக இருக்கிறதே என்று சிவப்பும் கறுப்புமான குன்றிமுத்தை எண்ணக் கொடுக்கவே கூடாது. மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்தான நஞ்சு. ஆமணக்கு முத்தும் அப்படித்தான். பீடி சுற்றும் சுளகில் முத்தைப் பரப்பி எண்ண வைப்பதும் வேண்டாம். புகையிலைத் தூள் கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

## விரல்

செலவில்லை, தொலையாது, மறந்து வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது. ஒரு கைக்கு ஐந்து, இரண்டு கைக்குப் பத்து என்பதால் எண்ணின் கட்டுமானமும் அதிலேயே இருக்கிறது. ஆறு என்றால் ஒரு முழுக்கையும் ஒரு விரலும். இதை ஒன்றிலிருந்து எண்ணி நீட்டாமல், “ஆறு காட்டு” என்றதும் சட்டென்று காட்டப் பழக்குங்கள். இரண்டு நிமிட ஆட்டம், பஸ்ஸுக்கு நிற்கும்போதே செய்யலாம்.

கூட்டலுக்கு நம் ஊரில் தலைமுறையாக இருக்கும் வழி: “ஆறை மனசுல வச்சுக்கோ, மூணை விரல்ல நீட்டு. ஆறுக்கு அப்புறம்?” “ஏழு, எட்டு, ஒம்போது.” தொடர்ந்து எண்ணப் பழக்க இதற்கு ஈடு இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். பீடி சுற்றிக்கொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ, அடுப்படியில் நின்றபடியோ வாயால் சொல்லியே நடத்தலாம்.

இதில் அடிக்கடி வரும் தப்பு ஒன்றுதான். முதல் விரலை மடக்கும்போதே “ஆறு” என்று தொடங்கும், விடை 8 என்று வரும். எப்போதும் ஒன்று குறைவான விடை வந்தால் காரணம் இதுவே. திருத்த, “ஆறு” என்று சொல்லும்போது கையால் நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள். அதன் பிறகே விரல். அப்போது ஆறு விரலுக்குரியது அல்ல என்பது உடம்பிலேயே பதியும்.

தாத்தாமார் விரல் கணுவைப் பெருவிரலால் தொட்டு எண்ணுவார்கள். வட்டிக் கணக்குக்கும் செபத்துக்கும் அது சரி. சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். விரலுக்கு மூன்று கணு என்று போகும்போது ஐந்தும் பத்தும் எங்கே என்று தெரியாது, எண்ணிக்கையும் வழுக்கும். அதே போல வீட்டில் ஒருவர் பெருவிரலிலிருந்தும் இன்னொருவர் சுண்டுவிரலிலிருந்தும் தொடங்கினால் தொடக்கத்தில் பிள்ளை குழம்பும். ஒரே முறையை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

“விரல் விடாதே” என்று கையைத் தட்டிவிடுவதுதான் விரலுக்கு நாம் சேர்த்துவைக்கும் மறைமுகச் செலவு. தட்டினால் பிள்ளை எண்ணுவதை நிறுத்தாது, பெஞ்சுக்குக் கீழே மறைத்து எண்ணும். அப்போது நமக்குத் தப்பும் தெரியாது, அதற்கு அவசரமும் பயமும் கூடும். விடை மனதில் உட்கார்ந்ததும் விரல் தானாக நின்றுவிடும்.

## பத்துக் கட்டம்

மேலே ஐந்து கட்டம், கீழே ஐந்து கட்டம். இவ்வளவுதான். தரையில் சாக்பீஸால் போடலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் 5 செ.மீ. கட்டங்களாக வரைந்தால் 25-க்கு 10 செ.மீ. வரும். அட்டை சின்னதாக இருந்தால் கட்டத்தை 3 செ.மீ. ஆக்கிக்கொள்ளலாம். இன்னும் சுலபம் 30 முட்டை வைக்கும் காகித அட்டை. அதில் 5 குழி கொண்ட வரிசை ஆறு இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று பத்துக் கட்டம் கிடைக்கும். முத்து உருளாது. முட்டைக் கறை இல்லாத அட்டையாகப் பார்த்து வெயிலில் காயவைத்து எடுங்கள்.

நிரப்புவதில் ஒரு கட்டாயம் உண்டு. மேல் வரிசையை இடமிருந்து வலமாக முழுதும் நிரப்பிவிட்டுத்தான் கீழே வர வேண்டும். கண்ட இடத்தில் சிதறி வைத்தால் 7 என்பது ஏழு தனி முத்துதான். ஒழுங்காக வைத்தால் அது ஒரு முழு வரிசையும் இரண்டும், காலியாக மூன்றும். ஒரே பார்வையில் 5 + 2, 7 + 3 இரண்டும் தெரிகிறது.

இதிலும் பிள்ளை ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே இருக்கும் ஆபத்து உண்டு. எண்ண நேரம் தராதீர்கள். கட்டத்தை இரண்டு, மூன்று விநாடி காட்டித் துண்டால் மூடுங்கள். “எத்தனை? எப்படித் தெரிஞ்சுது?” “மேல புல்லா இருந்துச்சு, கீழ ரெண்டு” என்று சொன்னால் வேலை முடிந்தது. “காலி எத்தனை?” என்றும் கேட்டுக்கொண்டே இருங்கள். பத்துக்கு எத்தனை குறைகிறது என்பது பின்னால் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பத்தைத் தாண்டும் கணக்குக்கு இதற்கு நிகர் வேறு இல்லை. 8 + 5 எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் 8, வெளியே 5. காலி இரண்டு. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினால் பத்து முழுசு, வெளியே மூணு. “பத்தும் மூணும் பதிமூணு.” தமிழில் சொல்லும்போது விடை எண்ணின் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கில வழிப் பிள்ளை தர்ட்டீனா தர்ட்டியா என்று தடுமாறும் இடத்தில், வீட்டில் ஒரு தரம் தமிழில் சொல்லவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினால் தடுமாற்றம் குறையும். இந்தப் படி வரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் 5-ஐ இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கத் தெரியாதது. கட்டத்தை எடுத்து வைத்துவிட்டுக் குலுக்கிப் போடும் ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.

முழுதும் எண்ணும் நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் பத்துக் கட்டம் சீக்கிரம். அதற்குக் கட்டமும் வெறும் தட்டும் ஒன்றுதான்.

## எண்கோடு

முற்றத்தில் 0 முதல் 10 வரை எழுதி, ஐந்தில் நின்று மூன்று குதி குதித்து எட்டில் போய் நிற்பது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு நல்ல வழி. எண்ணை எழுத்தில் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பது முன்நிபந்தனை. இங்கும் அதே ஒன்று குறையும் தப்பு வரும்: நிற்கும் ஐந்தையே “ஒண்ணு” என்று எண்ணும். எண்ண வேண்டியது கோட்டை அல்ல, குதியை. பாம்பு ஏணி ஆட்டத்தில் காயிருக்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணும் பிள்ளைக்கும் இதே கோளாறுதான், அங்கேயே திருத்தலாம். ஆனால் 100 கட்டப் பலகை வரிசைக்கு வரிசை திசை மாறுவதால் தொடக்கத்தில் குழப்பும். 1 முதல் 20 வரை நேராகப் போகும் ஒரே வரிசை வரைந்து இரண்டு தாயக்கட்டை போட்டுக் கூட்டி ஆடுவது மேல்.

## எழுத்துப் பயிற்சியும் வாய்ப்பாடும்

பள்ளியில் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார்கள், விட முடியாது. ஆனால் இது தெரிந்ததை உறுதிப்படுத்தும், தெரியாததைக் கற்றுத்தராது. 1+1, 2+1, 3+1 என்று வரிசையாக இருந்தால் பிள்ளை கூட்டாமலே 2, 3, 4 என்று கீழே எழுதிக்கொண்டு போகும், எல்லாம் சரியாகவும் இருக்கும். வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். 3-ஐத் திருப்பி எழுதுவது கூட்டல் தப்பு அல்ல, அதற்காக விடையை அடிக்காதீர்கள். இடையிடையே 5 = 2 + 3 என்று மாற்றியும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சமக்குறி என்றால் ‘இங்கே விடை எழுது’ என்று மட்டும் மனதில் தங்கிவிடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

## ஆப், அபாகஸ்

மூன்று விடையில் ஒன்றைத் தொடு என்னும் ஆப்பில், தெரியாத பிள்ளையும் மூன்றில் ஒரு தரம் சரியாகத் தொடும். எப்படி எண்ணியது என்பது யாருக்கும் தெரியாது. வேறு வழியே இல்லாத நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அபாகஸ் 5-க்கும் 10-க்கும் குறைவதை வைத்தே ஓடுவது. அந்தப் பிரிப்பு தெரிந்த பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கும். தெரியாத பிள்ளை மணியை நகர்த்தும் விதியைத்தான் மனப்பாடம் செய்யும். மாதக் கட்டணம், கூட்டிப்போய்க் கூட்டிவரும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், 3 + 2-வில் நிற்கும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

## எந்த வீட்டுக்கு எது

திண்ணையில் ஆச்சி இருக்கும் வீட்டுக்குப் புளியமுத்தும் சிரட்டையும். கையில் வேலையோடு இருக்கும் அம்மாவுக்கு விரலும் வாய்க்கணக்கும். அண்ணனும் தம்பியும் வேறு வேறு நிலையில் இருந்தால் பத்துக் கட்டம் ஒன்றே போதும்: தம்பி முத்தை வைப்பான், அண்ணன் காலியைச் சொல்வான். பள்ளி எழுத்துக்கணக்குக் கொடுத்து அவசரப்படுத்துகிறது என்றால், வீட்டுப்பாடத்தின் முதல் மூன்று கணக்கை முத்தில் செய்துவிட்டு மீதியை எழுதவிடுங்கள்.

## மனப்பாடத்தை எப்போது தொடங்கலாம்

பெரிய எண்ணிலிருந்து தானாகத் தொடங்கும் பிள்ளைக்கு இப்போது தொடங்கலாம், அதுவும் கொஞ்சம்தான். விடை 10-க்குள் வரும் ஜோடிகள், 2 + 7-ஐயும் 7 + 2-ஐயும் ஒன்றாக வைத்தால், மொத்தம் 25. அதில் ஒன்று கூட்டுவது 9. அடுத்த எண்ணைச் சொன்னால் போதும், மனப்பாடம் வேண்டாம். இரண்டு கூட்டுவது இன்னும் 7. இரண்டு தரம் மேலே போனால் வந்துவிடும். 3 + 3, 4 + 4, 5 + 5 மூன்றும் பிள்ளைகளுக்கு வேகமாக ஒட்டிக்கொள்ளும். மீதி ஆறே ஆறு: 3 + 4, 3 + 5, 3 + 6, 3 + 7, 4 + 5, 4 + 6. இதிலும் 3 + 7, 4 + 6 இரண்டையும் பத்துக் கட்டத்தின் காலி சொல்லிக்கொடுத்துவிடும். 3 + 4 என்பது 3 + 3-க்கு ஒன்று கூட, 4 + 5 என்பது 4 + 4-க்கு ஒன்று கூட. கடைசியில் நிற்பவை 3 + 5-ம் 3 + 6-ம் மட்டும். இந்த இரண்டையும் காலையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம் வாயால் கேளுங்கள். தயங்கினால் விடையைச் சொல்லிவிடாமல் “பெரிய எண்ணை மனசுல வை” என்று மட்டும் எடுத்துக்கொடுங்கள்.